0603 என்றால் எந்த 0603? ஒரு நஷ்டக் கணக்கும் கொஞ்சம் சரித்திரமும்



பி.காம். படிக்கிறவனுக்கு சர்க்யூட் போர்டில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். எனக்கு வேலை கணக்கு எழுதுவதுதான். ஆனால் சென்ற ஜூன் மாதம் ஒரு நாலு இலக்க எண்ணை நம்பி நான் செய்த கூத்தால், அந்தக் கணக்கில் நஷ்டம் என்று என் கையாலேயே எழுத வேண்டி வந்தது. அந்த எண்ணின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். அமெரிக்கா, ஜப்பான், பாரிஸ் எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே வந்து நின்றேன். அதுதான் இந்தப் பதிவு.

முதலில் கதை. என் தாய்மாமாவுக்கு இங்கே குருசுக்குப்பத்தில் ஒரு சின்னப் பட்டறை. படகுகளின் ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வாக்கி டாக்கி எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். பேட்டரி விளக்குக்கான கண்ட்ரோல் போர்டும் சொந்தமாகச் செய்து கொடுப்பார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்து படகுகள் இறங்குவதற்குள் 40 போர்டு வேண்டும் என்று ஆர்டர். ஒரு போர்டுக்கு 300 ரூபாய் வீதம் 12,000 ரூபாய் அட்வான்ஸும் வாங்கியாயிற்று.

பாகங்கள் வாங்குவது என் பொறுப்பு. மாமா கொடுத்த சீட்டில் 'கெபாசிட்டர், 0.1 மைக்ரோஃபாரட், 0603' என்று இருந்தது. இணையத்தில் தேடினேன். 'சி0603' என்று தொடங்கும் பாக எண், அதே 0.1 மைக்ரோஃபாரட், விலையும் சகாயம். ஒரு ரீல் ஆர்டர் போட்டேன்.

ஜூன் 11 சாயங்காலம் பார்சல் வந்தது. மாமா டேப்பைப் பிரித்து ஒன்றை உள்ளங்கையில் தட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் லென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு, "டேய், ரவையை வாங்கிட்டு வந்திருக்க" என்றார்.

உண்மையிலேயே ரவைதான். எங்களுக்கு வேண்டியது 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம். வந்தது 0.6 நீளம், 0.3 அகலம். பரப்பளவில் ஏழில் ஒரு பங்கு. போர்டில் அந்தக் கெபாசிட்டருக்காக விட்டிருந்த இரண்டு செம்புத் திட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியே 0.8 மில்லிமீட்டர். புதுக் கெபாசிட்டரை வைத்தால் எந்தப் பக்கமும் தொடாமல் நடுப்பள்ளத்தில் விழுந்துவிடும்!

மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் சரியான சரக்கை வாங்கி வந்தேன். மாமா இரண்டு ராத்திரி தூங்காமல் கையாலேயே சால்டர் செய்தார். 26 போர்டுதான் முடிந்தது. மீதி 14 பேருக்கு 4,200 ரூபாய் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். (திருப்பிக் கொடுத்த அட்வான்ஸ் நஷ்டம் ஆகாது என்று வாத்தியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ரீல் விலையும் பஸ் சார்ஜும் போன லாபமும்தான் நஷ்டம். அந்த 14 பேர் பழைய விளக்கோடு கடலுக்குப் போனதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவர் சொல்லித் தரவில்லை.)

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஒரு எண், இரண்டு அளவு

விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் அனுப்பியதும் 0603-தான்.

சர்க்யூட் போர்டில் ஒவ்வொரு பாகமும் உட்காருவதற்குச் செம்பில் ஒரு இடம் அச்சிட்டிருப்பார்கள். அதற்கு ஃபுட்பிரிண்ட் என்று பெயர். பாகத்தின் அளவும் ஃபுட்பிரிண்டின் அளவும் பொருந்த வேண்டும், காலுக்கும் செருப்புக்கும் மாதிரி. செருப்புக்கு 7, 8 என்று எண் இருப்பது போல இதற்கும் நாலு இலக்க எண் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் நீளம், அடுத்த இரண்டும் அகலம்.

அமெரிக்க வழக்கத்தில் அந்த இலக்கங்கள் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. 0603 என்றால் 0.06 அங்குலத்துக்கு 0.03 அங்குலம். ஜப்பானிய வழக்கத்தில் அவை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அங்கே 0603 என்றால் 0.6 மில்லிமீட்டருக்கு 0.3 மில்லிமீட்டர். எங்களுக்கு வேண்டிய அமெரிக்க 0603-க்கு ஜப்பானியப் பெயர் 1608. எங்களுக்கு வந்த ஜப்பானிய 0603-க்கு அமெரிக்கப் பெயர் 0201. பாக எண்ணையே 'சி0603' என்று தொடங்கும் கம்பெனி அமெரிக்காவிலும் உண்டு, ஜப்பானிலும் உண்டு. அதே எழுத்து, அதே எண், சரக்கு மட்டும் வேறு.

இப்படி ஒரு குழப்பத்தை யாராவது வேண்டுமென்றே உண்டாக்குவார்களா? மாட்டார்கள். இது எப்படி வந்தது என்பதில்தான் சரித்திரம் இருக்கிறது.

அங்குலம் வைத்த புள்ளி

போர்டுத் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தபோது எல்லாமே அங்குலம்தான். வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறவர்கள் முதலில் சம இடைவெளியில் புள்ளி வைப்பார்கள் அல்லவா, அது போல போர்டு வரைகிறவர்கள் 0.1 அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு அதன் மேல் வரைந்தார்கள். 1964-இல் ஃபேர்சைல்டு கம்பெனி டிப் என்ற உறையைக் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் பூரான் மாதிரி கால் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஐ.சி.தான். அதன் கால்களுக்கு இடையிலும் அதே 0.1 அங்குலம்.

மில்லிமீட்டரில் அது 2.54. 1959 ஜூலை 1 முதல் ஓர் அங்குலம் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. அதற்கு முன் அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமுமே மயிரிழை வித்தியாசத்தில் இருந்தனவாம்!

சோவியத் நாட்டில் மெட்ரிக். அங்கே ஐ.சி.யின் கால் இடைவெளியை 2.54 என்று வைக்காமல் 2.5 என்று வைத்தார்கள். 0.04 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். 14 கால் ஐ.சி.யில் ஒரு வரிசைக்கு 6 இடைவெளி, வித்தியாசம் 0.24 மில்லிமீட்டர். லேசாக அழுத்தினால் உட்கார்ந்துவிடும். 40 கால் ஐ.சி.யில் 19 இடைவெளி, வித்தியாசம் 0.76. என்ன அழுத்தினாலும் உட்காராது. வட்டிக்கு வட்டி மாதிரிதான். சின்னதாக இருக்கும்போது கண்ணில் படாது, காலம் போகப் போகத்தான் கழுத்தைப் பிடிக்கும்.

தூங்கிக்கொண்டிருந்த பொறி

பிறகு துளை போட்டுச் செருகும் பாகங்கள் குறைந்து, போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும் பாகங்கள் வந்தன. அவற்றின் அளவுக்குத்தான் இந்த நாலு இலக்க எண். ஒருபக்கம் அமெரிக்க அங்குல எண், இன்னொரு பக்கம் ஜப்பானிய மில்லிமீட்டர் எண். ஆரம்பத்தில் இதனால் தொல்லையே இல்லை. காரணம், பாகங்கள் பெரியவை. அங்குலத்தில் 1206 என்பது மில்லிமீட்டரில் 3216. 0805 என்பது 2012. ஒரு பட்டியலில் இருக்கும் எண் மற்ற பட்டியலில் இல்லவே இல்லை. 3216 என்று சொன்னால் அது மில்லிமீட்டர்தான் என்று எல்லாருக்கும் புரியும். எனவே எந்த அளவு என்று யாரும் சேர்த்து எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

பாகங்கள் சின்னதாகச் சின்னதாகத்தான் வினை வந்தது. 1990களின் பிற்பகுதியில் 0.6-க்கு 0.3 மில்லிமீட்டர் பாகம் வந்தது. ஜப்பானிய முறைப்படி அதன் பெயர் 0603. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு அமெரிக்கர் உட்கார்ந்திருந்தார்! அடுத்து 0.4-க்கு 0.2 வந்தது. அது மெட்ரிக்கில் 0402. அங்குலத்திலும் ஒரு 0402 உண்டு, அது 1.0-க்கு 0.5. ஜப்பானின் முராட்டா கம்பெனி 2012-இல் அறிவித்த 0.25-க்கு 0.125 மெட்ரிக்கில் 0201. அங்குலத்திலும் ஒரு 0201 உண்டு. ஆக 0201, 0402, 0603 மூன்றுமே இரட்டைப் பெயர்கள். ஒரே வகுப்பில் மூன்று ஜோடி செந்தில்குமார் இருந்து, யாருக்கும் இனிஷியல் இல்லாவிட்டால் எப்படி இருக்கும்?

இன்னொரு வேடிக்கை, பெயர்கள் அளவுக்கே உண்மையாக இல்லை. 0.4-க்கு 0.2 மில்லிமீட்டர் பாகத்துக்கு அங்குலப் பெயர் 01005, அதாவது 0.010-க்கு 0.005 அங்குலம். ஆனால் 0.4 மில்லிமீட்டரை அங்குலமாக்கிப் பாருங்கள், 0.016-க்குக் கிட்ட வரும். பெயர் சொல்வதைவிட சரக்கு ஒன்றரை மடங்கு நீளம்! மெட்ரிக் பெயரும் யோக்கியம் இல்லை. 2012 என்ற பாகத்தின் அகலம் 1.2 அல்ல, 1.25. 2024-இல் முராட்டா அறிவித்தது இன்னும் பொடி, 0.16-க்கு 0.08 மில்லிமீட்டர். அதன் அங்குலப் பெயர் 006003. இதையெல்லாம் பார்த்தால் எங்களுக்கு வந்த ரவை பரவாயில்லை.

பாரிஸ் அங்குலமும் பாண்டிச்சேரிப் பணமும்

'ஒரே பெயர், இரண்டு அளவு' என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கண்டுபிடித்த வியாதி இல்லை. நெப்போலியன் குள்ளம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அவர் உயரம் 5 அடி 2 அங்குலம் என்று எழுதினார்கள். எழுதியது பாரிஸ் அளவில். பாரிஸ் அடி 32.48 சென்டிமீட்டர், அங்குலம் 2.707. கணக்குப் போட்டால் 168 சென்டிமீட்டர், அந்தக் காலத்துக்கு சாதாரண உயரம். அதையே ஆங்கில அங்குலமாகப் படித்தால் 157 சென்டிமீட்டர்தான் வரும். பத்து சென்டிமீட்டர் உயரத்தை ஒரு சக்கரவர்த்தி இழந்திருக்கிறார். 14 போர்டை இழந்த நானெல்லாம் எம்மாத்திரம்! அவர் பிறந்த நாட்டில்தான் 1795-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் போட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் இந்த விஷயத்தில் இன்னும் பழுத்த அனுபவசாலி. பிரெஞ்சுப் பாண்டிச்சேரியில் 8 பணம் ஒரு ரூபாய். ஆங்கிலேயர் சென்னையில் 12 பணம் ஒரு ரூபாய். இரண்டுக்கும் பெயர் பணம்தான். பக்கத்துப் பக்கத்து ஊரில் வியாபாரம் செய்தவர் 'எந்தப் பணம்?' என்று கேட்காமல் விலை பேசியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். நிலம் என்றால் குழி. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு குழி 144 சதுர அடி. இங்கே பாண்டிச்சேரியில் ஒரு குழி 576 சதுர அடி, சரியாக நாலு மடங்கு.

இங்கேதான் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டி வருகிறது. வீட்டு வரி விஷயமாக அம்மா பத்திரத்தை எடுக்கச் சொன்னார். பிரித்துப் பார்த்தால், நிலத்தின் அளவு ஹெக்டேர், ஆர், சென்டியார் என்று பிரெஞ்சு வழி மெட்ரிக்கில் இருக்கிறது. கூடவே குழி, வீசம் என்று நம்ம கணக்கிலும் இருக்கிறது. ஒரே மண், இரண்டு அளவு, இரண்டும் எழுத்தில், ஒவ்வொன்றும் தன் பெயரோடு. எழுதியவர் 'இவ்வளவு' என்று வெறும் எண்ணைப் போட்டுவிட்டுப் போகவில்லை. இரண்டு ஆட்சி, இரண்டு அளவுகோல் இருந்த ஊரில் அப்படிச் செய்தால் அடுத்த தலைமுறை கோர்ட்டில் நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது தெரியாமல்தான் நான் 0603 என்று வெறும் எண்ணைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

நயா பைசா புத்தி

காமர்ஸ் மாணவனாக எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான். 1957 ஏப்ரல் 1 வரை இந்திய ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா, ஆக ரூபாய்க்கு 64 பைசா. அன்றிலிருந்து ரூபாய்க்கு 100 பைசா. சிக்கல் என்ன? பழைய காசு ஒரே நாளில் மறைந்துவிடாது. ஒரே பையில் இரண்டு பைசாவும் கிடக்கும், இரண்டுக்கும் மதிப்பு வேறு. எனவே புதுக் காசில் 'நயா பைசா' என்று அச்சடித்தார்கள். நயா என்றால் இந்தியில் புதிய. அவ்வளவுதான், ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல்லும் கணக்குச் சிக்கலை முழுக்கத் தீர்க்கவில்லை. ஓர் அணாவுக்கு 6.25 நயா பைசா, கால் பைசாவை எங்கே தேடுவது? 6 என்று தள்ளினார்கள். ஆனால் 'எந்தப் பைசா?' என்ற கேள்விக்கு மட்டும் காசே பதில் சொன்னது. பழைய காசுகளின் காலம் முடிந்ததும், 1964 ஜூன் மாதம், 'நயா' நீக்கப்பட்டது. குழப்பம் இருக்கும்வரை அடைமொழி, குழப்பம் போனதும் அடைமொழியும் போயிற்று. இதே சமயத்தில்தான், 1956 சட்டத்தின்படி 1958 அக்டோபர் முதல், சேர், மணங்கு போய் கிலோ, கிராம் வந்தன.

பாகத் தொழிலில் இந்த ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டார்கள். யார் மேலும் பழி போட முடியாது. 1206-க்கும் 3216-க்கும் அடைமொழி தேவைப்படவில்லை. தேவைப்பட்ட நாளில் லட்சக்கணக்கான வரைபடங்களில் வெறும் எண் ஏறிவிட்டிருந்தது.

கடைசியில் வந்த 'நயா'

தரம் நிர்ணயிப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. 1957-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஐ.பி.சி. அமைப்பு 2005-இல் 7351 என்ற எண்ணில் ஒரு தரம் வெளியிட்டது. அதில் எல்லாம் மில்லிமீட்டர். 'ஆர்.இ.எஸ்.சி. 1608 எக்ஸ் 55 என்' என்று ஒரு ஃபுட்பிரிண்டின் பெயர் இருந்தால், அது சிப் ரெசிஸ்டர், 1.6-க்கு 0.8, உயரம் 0.55, செம்புத் திட்டு நடுத்தர அளவு என்று அர்த்தம். பெயரே ஜாதகம் மாதிரி. ஆனால் கடைத்தெருவில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. "அண்ணே, 0603-ல பத்து கே இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். நகைக்கடையில் எடை போடுவது கிராமில், பேசுவது சவரனில் என்பது போலத்தான்.

எனக்கு மனசுக்குப் பட்ட தீர்வு வேறு இடத்திலிருந்து வந்தது. கீகாட் என்று ஒரு இலவச மென்பொருள், போர்டு வரைவதற்கானது. மாமாவும் அதில்தான் வரைகிறார். 1992-இல் அதைத் தொடங்கியவர் ழான்-பியேர் ஷரா என்ற பிரெஞ்சுக்காரர். அதன் பழைய தொகுப்பில் ஃபுட்பிரிண்டின் பெயர் 'ஆர் 0603' என்று மொட்டையாகத்தான் இருந்தது. 2018-இல் வந்த 5-ஆம் பதிப்பில் அதை 'ஆர் 0603 1608மெட்ரிக்' என்று மாற்றியிருந்தார்கள். பழக்கமான அங்குல எண்ணும் இருக்கிறது, மில்லிமீட்டர் எண்ணும் இருக்கிறது, எது எந்த அளவு என்பதும் தெரிகிறது. பார்த்தவுடன் எனக்கு எங்கள் வீட்டுப் பத்திரம்தான் ஞாபகம் வந்தது. ஹெக்டேரும் குழியும் பக்கத்தில் பக்கத்தில்!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாமாவின் கம்ப்யூட்டரில் ஃபுட்பிரிண்ட் பெயர் '0603 1608மெட்ரிக்' என்று முழுசாகவே இருந்தது. சீட்டில் எழுதும்போது அவர் 0603-ஓடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு அது போதும், 20 வருஷமாக அவர் கையில் இருப்பது ஒரே 0603-தான். எனக்குத்தான் போதவில்லை.

மெட்ரிக்கையே எல்லாரும் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அணா போய் இத்தனை வருஷம் ஆகியும் பாட்டி நாலணா, எட்டணா என்கிறார். வாயிலிருந்து பழைய அளவை வெளியேற்ற எந்தச் சட்டத்தாலும் முடியாது. அது இருந்துவிட்டுப் போகட்டும், பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு இருக்கட்டும் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இந்தக் குழப்பத்தில் நஷ்டப்படுகிறவர் யார் என்றும் யோசித்தேன். பெரிய தொழிற்சாலையில் பொருள் வாங்க ஒருவர், சரிபார்க்க ஒருவர், அதைச் சரிபார்க்க இன்னொருவர் இருப்பார்கள். வெறும் எண்ணை நம்பி மாட்டிக்கொள்வது ஒரு ரீல் வாங்கும் பட்டறைக்காரரும் அவருடைய பி.காம். மருமகனும்தான்.

இப்போது பட்டறையின் கொள்முதல் பதிவேட்டில் நான் ஒரு புதுக் கட்டம் போட்டிருக்கிறேன். தலைப்பு 'மி.மீ.' நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதாமல் எந்த ஆர்டரும் போகாது. மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் அவர் கொடுத்த சீட்டில் '0603' என்று எழுதி, பக்கத்தில் சின்னதாக '1.6 × 0.8' என்று போட்டிருந்தார்.

ரவை ரீல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆண்டு இறுதிக் கணக்கில் அதைச் சரக்கிருப்பில் காட்டுவதா, தள்ளுபடி செய்துவிடுவதா என்று யோசிக்கிறேன். தெரிந்த நண்பர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அந்த அளவில் கையால் சால்டர் செய்யத் தெரிந்தவர் யாராவது இருந்தால் இன்னும் சந்தோஷம், சும்மாவே தருகிறேன் :-)